இதயச் செயலிழப்பில் வரும் மறதி: மூளையின் எரிபொருள் கணக்கு

இதயச் செயலிழப்புக்கு மருந்தெடுக்கும் ஒருவர் கிளினிக் திகதியை மறக்கிறார், கடையில் மீதிக்காசை எண்ணத் தடுமாறுகிறார், இரண்டு அலுவலை ஒரே நேரத்தில் பார்க்க முடியாமல் எரிச்சல்படுகிறார் என்றால் வீட்டில் வரும் முதல் பதில் "வயசு போயிட்டுது" என்பதுதான். இன்னும் கடுமையானவர்கள் "அறளை பேந்திட்டு" என்று கதையை முடித்துவிடுவார்கள். வயதுக்கும் பங்கு உண்டு. ஆனால் இதயச் செயலிழப்பு உள்ளவர்களில், எந்தச் சோதனையால் அளந்தார்கள் என்பதைப் பொறுத்து, நாலில் ஒருவரிலிருந்து பாதிக்கும் மேற்பட்டோர் வரை அறிதிறன் குறைபாடு, அதாவது நினைவு, கவனம், சிந்தனை ஆகியவற்றில் குறைவு, காணப்பட்டிருக்கிறது. அதே வயதில் இதயம் நலமாக உள்ளவர்களோடு ஒப்பிட்டால் இது தெளிவாகவே அதிகம். அதில் ஒரு பகுதி திருத்தக்கூடியது. எந்தப் பகுதி என்று பிரித்தறிய, மூளைக்கு எரிபொருள் எப்படிப் போகிறது, எங்கெங்கே குறைகிறது என்று பார்க்க வேண்டும்.

இதயச் செயலிழப்பு என்பது இதயம் நின்றுபோவதல்ல. உடலுக்குத் தேவையான இரத்தத்தை அனுப்ப முடியாமலோ, உள்ளே அழுத்தம் கூடினால்தான் அனுப்ப முடியும் என்ற நிலையிலோ அது ஓடிக்கொண்டிருக்கிறது. எக்கோ ரிப்போர்ட்டில் 'ஈஎஃப்' என்று எழுதப்படும் வெளியேற்ற வீதம், அதாவது இதய அறையில் நிறையும் இரத்தத்தில் ஒரு துடிப்பில் வெளியே போகும் சதவீதம், 40 அல்லது அதற்குக் கீழே இருந்தால் அது ஒரு வகை. 50க்கு மேல் இருந்தும் இதயத் தசை விறைத்து, மூச்சிரைப்பும் கால் வீக்கமும் வந்தால் அது இன்னொரு வகை. "ஈஎஃப் 55 தானே, பயமில்லை" என்று நினைப்பது மூளை விடயத்தில் சரிவராது. இரண்டாவது வகையிலும் மறதியும் மந்தமும் வருகின்றன. ஈஎஃப் எண்ணுக்கும் அறிதிறன் குறைவுக்கும் நேர்க்கோட்டு உறவு இல்லை.

சேமிப்பு இல்லாத உறுப்பு

மூளை உடல் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம். ஓய்வில் உடல் எடுக்கும் ஒட்சிசனில் ஏறத்தாழ 20 சதவீதம் அதற்கே போகிறது. நிமிடத்துக்கு இதயம் வெளியேற்றும் சுமார் 5 லீற்றர் இரத்தத்தில் 700 முதல் 750 மில்லிலீற்றர் மூளைக்கு ஏறுகிறது. நாளொன்றுக்கு 100 முதல் 120 கிராம் குளுக்கோஸ் அங்கே எரிகிறது. தசையிலும் ஈரலிலும் உள்ளதைப்போன்ற சர்க்கரைச் சேமிப்பு மூளையில் இல்லை என்றே சொல்லலாம். இரத்த ஓட்டம் முழுதாக நின்றால் பத்து விநாடியளவில் நினைவு தப்பிவிடும்.

இந்தச் செலவின் பெரும்பகுதி நரம்பணுக்களின் சவ்வில் சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும் புரதங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு சமிக்ஞைக்குப் பின்னும் அவை அணுவை மறுபடி தயார்செய்கின்றன. அதற்கு வேண்டிய சக்தி மூலக்கூறு ஏடிபி. ஒட்சிசன் இருந்தால் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஏறத்தாழ 30 ஏடிபியைத் தரும். ஒட்சிசன் இல்லாவிட்டால் இரண்டுதான், கூடவே இலாக்டிக் அமிலமும் சேரும். ஆகவே குளுக்கோஸ் போதுமாக இருந்தும் ஒட்சிசன் குறைந்தால் கணக்கு உதைக்கும். ஒட்சிசன் இருந்தும் அதைப் பயன்படுத்தும் நொதிகள் முடங்கினாலும் அதேதான். இந்த இரண்டாவது வழி பலருக்குத் தெரியாதது. கீழே அதற்கு வருவோம்.

இதயம் கொஞ்சம் தளர்ந்தவுடனே மூளை பட்டினி கிடப்பதில்லை. மூளையின் நுண்நாடிகள் விரிந்து கொடுக்கும். வரும் இரத்தத்தில் சாதாரணமாக மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேல் ஒட்சிசனை எடுக்கும் மூளை, ஓட்டம் குறையும்போது இன்னும் கூடுதலாக எடுத்துச் சமாளிக்கும். 1940களில் செமூர் கெட்டியும் கார்ல் ஷ்மிட்டும் நைட்ரஸ் ஒக்சைட் வாயுவை மூச்சில் கொடுத்து மூளை இரத்த ஓட்டத்தை அளக்கும் வழியைக் கண்டார்கள். அடுத்த சில ஆண்டுகளிலேயே இதயச் செயலிழப்பு நோயாளரில் அந்த ஓட்டம் குறைந்திருப்பது பதிவானது. 1977இல் 'லான்செட்' மருத்துவ இதழின் தலையங்கம் ஒன்று இதயவழி டிமென்ஷியா, அதாவது இதயத்தால் வரும் மறதிநோய், என்று இதற்கு ஒரு பெயரையும் வைத்தது. 2001இல் டென்மார்க்கில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், கடும் இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் மூளை இரத்த ஓட்டம் நலமானவர்களைவிட ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்திருந்தது. மாற்று இதயம் பொருத்தியவர்களில் அது வழமைக்குத் திரும்பியது. ஓட்டக் குறைவு நிரந்தரச் சேதமாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் விடயம் தெளியும். மூளைக்குள் இரத்தத்தைத் தள்ளும் அழுத்தம் என்பது சராசரி நாடி அழுத்தத்திலிருந்து மண்டையோட்டுக்குள் இருக்கும் அழுத்தத்தையோ கழுத்து நாள அழுத்தத்தையோ, எது கூடவோ அதைக் கழித்தால் வருவது. கீழ் எண்ணோடு, இரண்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தின் மூன்றிலொரு பங்கைக் கூட்டினால் சராசரி வரும். பிரஷர் 120/80 உள்ளவரின் சராசரி 93. மண்டைக்குள் 10 என்று வைத்தால் மிச்சம் 83. இதயச் செயலிழப்பு மருந்துகளோடு பிரஷர் 95/60இல் நிற்பவரின் சராசரி 72. அவர் கழுத்து நாளம் புடைத்து, படுத்திருக்கும்போது நாள அழுத்தம் 18க்கு ஏறியிருந்தால் மிச்சம் 54. நாடி அழுத்தம் 21 குறைந்தது, மூளைக்குக் கிடைக்கும் அழுத்தம் 29 குறைந்தது. முன்னால் தள்ளுவது குறைவது ஒரு பக்கம், பின்னால் தேங்குவது மறுபக்கம். கால் வீங்கி, வயிறு ஊதி, கழுத்து நாளம் எழும்பி நிற்கும் நாட்களில் ஒருவர் மந்தமாகவும் குழப்பமாகவும் இருந்து, தேங்கிய நீர் வடிந்ததும் தெளிவதற்கு இந்தத் தேக்கமும் ஒரு காரணம்.

பல ஆண்டுகள் பிரஷர் கூடியிருந்தவருக்கு இன்னொரு சிக்கல். அவருடைய மூளை நாடிகள் உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிவிட்டன. மற்றவருக்குப் போதுமான சராசரி அழுத்தம் அவருக்குப் போதாமல் போகலாம்.

எந்தப் பகுதி முதலில் காய்கிறது

மட்டக்களப்பின் உன்னிச்சைக் குளத்தில் நீர்மட்டம் இறங்கினால் துருசுக்கு, அதாவது மதகுக்கு, அருகிலுள்ள வயல் கடைசியில்தான் காயும். வாய்க்காலின் கடைசியில் உள்ள வயல் முதலில் வெடிக்கும். மூளையிலும் அப்படித்தான். இரண்டு பெரிய நாடிகளின் கிளைகள் சந்திக்கும் எல்லைப் பகுதிகளும், மெல்லிய நீண்ட நுண்நாடிகளை மட்டும் நம்பியிருக்கும் ஆழமான வெண்பொருளும் (நரம்பு இழைகள் ஓடும் பகுதி) முதலில் பாதிக்கப்படுகின்றன. எம்ஆர்ஐ படங்களில் இதயச் செயலிழப்பு உள்ளவர்களின் வெண்பொருளில் வெள்ளைப் புள்ளிகளும் திட்டுகளும் கூடுதலாகத் தெரிவதுண்டு. நினைவைப் பதியும் ஹிப்போகம்பஸ், முடிவெடுக்கும் முன்மூளைப் பகுதிகள், உடலின் உள்நிலையை உணரும் இன்சுலா ஆகியவற்றில் திசு மெலிந்திருப்பதும் பதிவாகியுள்ளது. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹம் ஆய்வில் 1500க்கு மேற்பட்டோரைப் பார்த்து 2010இல் வெளியான முடிவு இன்னும் யோசிக்க வைப்பது: இதயநோய் என்று சொல்ல முடியாதவர்களிடமும், இதயம் வெளியேற்றும் இரத்தம் உடலளவுக்குக் குறைவாக இருந்தால் மூளையின் கனவளவும் சற்றுக் குறைவாக இருந்தது.

அணுக்கள் சாகாமலே மறதி வருவது எப்படி? விலங்குகளில் மூளை இரத்த ஓட்டத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்த்த பழைய ஆய்வுகள் ஒரு வரிசையைக் காட்டுகின்றன. முதலில் தடைப்படுவது புதிய புரதங்களைக் கட்டும் வேலை. பிறகு இலாக்டிக் அமிலம் கூடும். அதற்கும் கீழே போனால் மின் செயற்பாடு அடங்கும். கடைசியில்தான் சவ்வு உடைந்து அணு சாகும். புதிய நினைவு நிலைப்பதற்குப் புதிய புரதம் வேண்டும். அந்த ஆய்வுகள் திடீர் அடைப்பைப் பற்றியவை, நாட்பட்ட குறைவை அப்படியே அதில் பொருத்திவிட முடியாது. ஆனாலும் ஒருவர் விழித்திருக்கிறார், பேசுகிறார், பழைய கதையெல்லாம் சொல்கிறார், நேற்று டொக்டர் சொன்னது மட்டும் தங்கவில்லை என்ற காட்சியோடு அது நன்றாகவே ஒத்துப்போகிறது. காந்த அலைநிறமாலைச் சோதனையில் நரம்பணுவின் நலத்தைக் காட்டும் என்-அசிற்றைல் அஸ்பார்ட்டேட் என்ற பொருள் இந்நோயாளரில் குறைந்திருப்பதும் இதே திசையில்தான் காட்டுகிறது.

இரத்த ஓட்டம் மட்டுமே காரணம் என்று எழுதுவோரும் உண்டு. அது பாதிக் கதை. தளர்ந்த இதயத்தைத் தாங்க உடல் அட்ரினலின் வகைச் சுரப்புகளையும் அங்கியோடென்சினையும் கோர்ட்டிசோலையும் தொடர்ந்து உயர்த்தி வைக்கிறது. அழற்சிப் பொருட்கள் இரத்தத்தில் கூடுகின்றன. மூளைக்கும் இரத்தத்துக்கும் இடையிலான தடுப்பு கசியத் தொடங்குகிறது. இன்சுலினுக்கு உடல் சரியாகப் பணியாத நிலை சீனி வருத்தம் இல்லாத இதயநோயாளரிடமும் வரும். இதயத்தைக் கெடுத்த அதே பிரஷரும் சீனியும் புகையும் மூளையின் சிறுநாடிகளையும் பல ஆண்டுகளாகக் கெடுத்திருக்கும். இத்தனையும் ஒருவரிடத்தில் சேர்ந்திருக்கும்போது ஒன்றைக் கைகாட்டிக் குற்றம்சாட்டுவது வீண். திருத்தக்கூடியவை எவை என்று தேடுவதுதான் பயன்.

திருத்தக்கூடிய குறைகள்

முதலாவது தயமின், அதாவது விற்றமின் பி1. குளுக்கோசிலிருந்து வரும் பைருவேற்றை அணுவின் சக்தி நிலையமான மைற்றோகொண்ட்ரியாவின் எரிப்புக்குள் அனுப்பும் நொதியும், அங்கே சுழற்சியை ஓட்டும் இன்னொரு நொதியும் தயமின் இல்லாமல் இயங்கா. ஒட்சிசனும் சீனியும் தாராளமாக இருந்தும் மூளை அணு பசியில் இருக்கும். உடலில் இதன் இருப்பு ஏறத்தாழ 30 மில்லிகிராம்தான், வரவு நின்றால் இரண்டு மூன்று வாரத்தில் தீர்ந்துவிடும். நாளாந்தத் தேவை 1.1 முதல் 1.2 மில்லிகிராம். சலம் போகக் கொடுக்கும் ஃபுரூஸமைட் குளிசை தயமினையும் சிறுநீரோடு வெளியேற்றுகிறது. அளவு கூடக் கூட இழப்பும் கூடும். பசியில்லாமல் இரண்டு கவளத்தோடு எழும்பும் நோயாளரிடம் வரவும் குறைவு.

நெல் விளையும் மாவட்டத்தில் இது சாப்பாட்டுத் தட்டோடு நேரடித் தொடர்புள்ளது. தயமின் தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியில் அதில் பெரும்பகுதி போய்விடும். நெல்லை அவிக்கும்போது சத்து அரிசிக்குள் இறங்குவதால் புழுங்கலில் கூடுதலாகத் தங்கும். தீட்டாத சிவப்பரிசி இன்னும் நல்லது. நாலைந்து தரம் அரித்துக் கழுவி, கஞ்சியை வடித்து ஊற்றினால் மிச்சமும் தண்ணீரோடு போகும். சாப்பிட்டவுடன் கடும் பிளேன்டீ, நாள் முழுதும் வெற்றிலை பாக்கு ஆகிய பழக்கங்களும் தயமினைக் குறைக்கும். கசிப்பு குடிப்பவரிடம் குறைபாடு இரட்டிப்பாகும். மது இதயத் தசையையும் நேரே தளர்த்தும். பயறு, கடலை, உழுந்து, மீன், முட்டை ஆகியவை வரவுக்கு உதவும். இதயச் செயலிழப்பு உள்ள எல்லோருக்கும் தயமின் கொடுத்தால் இதயம் பலப்படும் என்று பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் கூடிய அளவில் ஃபுரூஸமைட் எடுத்து, மெலிந்து, நடை தள்ளாடி, கண் அசைவு மாறி, குழம்பிப் பேசுபவருக்குத் தயமின் ஊசி தாமதிக்கக்கூடாத சிகிச்சை. அப்படிப்பட்டவருக்கு குளுக்கோஸ் சேலைன் ஏற்றுமுன் அல்லது அதோடு சேர்த்துத் தயமின் போவதை உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது இரும்பு. இதயச் செயலிழப்பு நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இரும்புக் குறைவு உண்டு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் இருக்கலாம். இரத்தச் சோதனையில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 100க்குக் கீழ், அல்லது 100 முதல் 299 வரை இருந்து, இரத்தத்தில் ஓடும் இரும்பைக் காட்டும் டிரான்ஸ்ஃபெரின் நிறைவு 20 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைபாடு என்று கொள்கிறார்கள். இந்நோயில் இரும்புக் குளிசை பெரிதாக வேலைசெய்வதில்லை. நாளத்தில் ஏற்றும் இரும்பால்தான் களைப்பும் நடைத்திறனும் திருந்துகின்றன. பார்மசியில் இரும்புக் குளிசை வாங்கிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பது காலவிரயம்.

சோடியம் இன்னொன்று. சலக்குளிசையும் உடலில் தேங்கும் நீரும் சேர்ந்து இரத்தச் சோடியத்தை 135க்குக் கீழே இறக்கும். 125ஐ நெருங்கினால் மந்தம், தள்ளாட்டம், குழப்பம், அதற்கும் கீழே வலிப்பு. இதைக் கண்டு "உப்பில்லாமல்தான் இப்படி" என்று கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் கொடுக்கத் தொடங்குவது பெரிய பிழை. இங்கே பெரும்பாலும் உப்புக் குறையவில்லை, நீர் கூடியிருக்கிறது. உப்புக் கொடுத்தால் தாகம் எடுக்கும், நீர் இன்னும் ஏறும். நாளுக்கு எல்லாமாகச் சேர்த்து ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் உப்பு என்பதே எல்லை. ஒரு துண்டு கருவாடு, கொஞ்சம் மாசிச் சம்பல், இரண்டு அப்பளம் என்று போனால் அந்த எல்லை ஒரு நேரச் சாப்பாட்டிலேயே நிரம்பிவிடும்.

சீனி வருத்தமும் சேர்ந்திருந்தால் சீனி இறங்கிப்போவதை நினைவில் வைக்க வேண்டும். இதயம் தளர்ந்து சிறுநீரகமும் குறையும்போது கிளிபென்கிளமைட் போன்ற குளிசைகளும் இன்சுலினும் உடலில் கூடுதல் நேரம் தங்கும். விடியற்காலையில் வியர்த்து, சம்பந்தமில்லாமல் பேசுபவருக்கு முதலில் சீனி பார்க்க வேண்டும். 70க்குக் கீழே இருந்து, விழுங்கக்கூடிய நிலையிலும் இருந்தால் மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துவிட்டு 15 நிமிடத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

இரவு மூச்சையும் கவனிக்க வேண்டும். மூச்சு மெல்ல மெல்ல ஆழமாகி, பிறகு மெல்லக் குறைந்து, சில விநாடி முழுதாக நின்று, மறுபடி தொடங்கும் ஒரு சுழற்சி இதயச் செயலிழப்பில் வருவதுண்டு. ஒரு சுற்று ஏறத்தாழ ஒரு நிமிடம். பக்கத்தில் படுப்பவருக்குத்தான் அது தெரியும். கைத்தொலைபேசியில் மூன்று நிமிடம் பதிந்து கிளினிக்கில் காட்டினால் போதும், வாயால் விளக்கத் தேவையில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒட்சிசன் இறங்கி ஏறுகிறது. நினைவு நிலைப்படும் ஆழ்ந்த தூக்கமும் உடைகிறது.

இரத்தக்கட்டி பற்றிச் சுருக்கமாக: நாடித்துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுபவருக்கும், சிறுவயதில் வந்த மூட்டுவாதக் காய்ச்சலால் வால்வு சுருங்கியவருக்கும், சிறு கட்டிகள் மூளைக்குப் போய் வெளியே தெரியாத நுண்ணடைப்புகளை உண்டாக்கலாம். வால்வு சுருங்கியவர்களுக்கு இன்றும் இரத்தம் உறைவதைத் தடுக்கும் வோர்ஃபரின்தான் உரிய மருந்து. இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் பொதுவாக 2க்கும் 3க்கும் இடையில் நிற்க வேண்டும். மறதியால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும் வோர்ஃபரின் மறதியை இன்னும் கூட்டும்.

மந்தத்தைக் கூட்டும் குளிசைகளும் உண்டு. தடிமலுக்கும் கடிக்கும் கொடுக்கும் குளோர்ஃபெனிரமின், நித்திரைக்கென்று எடுக்கும் டயசிபாம், நரம்பு வலிக்கான அமிட்ரிப்டிலின் ஆகிய மூன்றும் வயதானவர்களைக் குழப்பும். டிஜொக்சின் உடலில் கூடினால் வாந்தி, மஞ்சள் பார்வை, குழப்பம் வரும். முழங்கால் வலிக்குப் பார்மசியில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனக், ஐபுபுரூஃபன் உப்பையும் நீரையும் தேக்கி இதயச் செயலிழப்பையே கிளப்பிவிடும். அதற்குப் பதில் பரசிற்றமோல்.

பேச்சு நன்றாக இருக்கும், அதுதான் ஏமாற்றும்

இந்நோயில் முதலில் குறைவது கவனம், சிந்தனை வேகம், ஒன்றன்பின் ஒன்றாகத் திட்டமிட்டுச் செய்வது, புதியதைப் பதிவது. மொழி கடைசிவரை தங்கும். ஆகவே கிளினிக் கதிரையில் இருந்து சில நிமிடம் பேசுபவர் தெளிவாகவே தோன்றுவார். "விளங்கிச்சா ஐயா?" என்றால் "ஓம்" என்பார். அந்த "ஓம்" மரியாதைக்குச் சொல்லும் "ஓம்". இந்தக் கேள்வியே பிழை. "இந்தக் குளிசையை எப்ப எடுப்பீங்க, கால் வீங்கினா என்ன செய்வீங்க, ஒருக்காச் சொல்லுங்க" என்று திருப்பிச் சொல்லவைத்தால் அரை நிமிடத்தில் உண்மை தெரியும். தாதியரோ மருந்தாளரோகூட இதைச் செய்யலாம்.

வீட்டில் பார்க்க வேண்டிய அடையாளங்கள் வேறு. நாற்பது வருடம் மீன்குழம்பு வைத்தவர் புளியை எப்போது விடுவது என்று நிற்கிறார். சந்தையில் பேரம் பேசுகிறார், மிச்சக்காசைப் பார்க்காமல் வாங்குகிறார். வயல் குத்தகைக் கணக்கைத் தள்ளிப்போடுகிறார். தொழுகையில் எத்தனையாவது ரக்அத் என்று அடிக்கடி தடுமாறுகிறார். ஒருவர் முன்பு செய்த வேலையை அளவுகோலாக வைத்து இன்று என்ன மாறியது என்று பார்ப்பது எந்த வினாத்தாளையும்விடச் சொல்லும், குறிப்பாகப் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களில். மணிக்கூடு வரையச் சொல்லும் சோதனையில் பென்சில் பிடித்துப் பழகாதவர் தோற்பது மூளைக் குறைவால் அல்ல.

வைத்தியசாலையில் செய்யும் சோதனைகளில் மொன்ட்ரியல் அறிதிறன் சோதனைக்குத் தமிழ் வடிவம் உண்டு. மொத்தம் 30 புள்ளிகள். மூல வடிவத்தில் 26க்குக் கீழ் என்றால் மேலும் பார்க்கச் சொல்கிறார்கள், 12 ஆண்டு அல்லது அதற்குக் குறைவாகப் படித்தவருக்கு ஒரு புள்ளி கூட்டுவார்கள். ஆனால் அந்த 26ஐ நமது பகுதி முதியவர்களுக்கு அப்படியே பொருத்தினால் நல்லாயிருப்பவர்களும் நோயாளிகளாகிவிடுவார்கள். ஒருவரின் இன்றைய புள்ளியை அவருடைய அடுத்த புள்ளியோடு ஒப்பிடுவதே நியாயம். சோதனையை வார்டில் மூச்சிரைக்கக் கிடக்கும்போது செய்யக்கூடாது. நீர் வடிந்து, மருந்து நிலைப்பட்டு, கண்ணாடியும் காதுக்கருவியும் போட்டிருக்கும் ஒரு காலையில் செய்து, சில மாதங்களில் திரும்பப் பார்க்க வேண்டும். மனச்சோர்வும் இதே முகத்தோடு வரும். இதயச் செயலிழப்பில் அது சாதாரணம். யுத்தத்தையும் 2004 சுனாமியையும் கடந்துவந்த தலைமுறையில் அதைத் தனியாகக் கேட்காமல் மறதி என்று எழுதிவிடுவது அவசரம்.

பொறுப்பை ஒரு தலையிலிருந்து இறக்கி வைப்பது

இதயச் செயலிழப்பைச் சமாளிக்க நோயாளர் தினமும் செய்ய வேண்டியவற்றைப் பாருங்கள்: எடை பார்த்து எழுதுவது, நேற்றைய எண்ணோடு ஒப்பிடுவது, உப்பையும் நீரையும் கணக்குப் பார்ப்பது, ஐந்தாறு குளிசையை நேரம் பிரித்து எடுப்பது, வீக்கம் வந்தால் தீர்மானிப்பது. அத்தனையும் முன்மூளையின் வேலை. நோய் முதலில் தொடுவதும் அந்த முன்மூளையைத்தான். குளிசை தவறுகிறது, நீர் ஏறுகிறது, மூளை இன்னும் மந்தமாகிறது, இன்னும் தவறுகிறது. "சொன்னாக் கேக்கமாட்டார்" என்று சண்டைபிடிப்பதால் இந்தச் சுற்று உடையாது. வேலையை அவர் நினைவிலிருந்து எடுத்து வீட்டின் ஒழுங்குக்குள் வைத்தால்தான் உடையும்.

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு பெரும்பாலும் மகளுக்குரியது. வயதான பெற்றோர் மகளோடும் மருமகனோடும் இருப்பார்கள். கிளினிக்குக்குக் கூட்டிப் போவதோ பல இடங்களில் மகன் அல்லது பேரன். டொக்டர் சொன்னது ஒருவர் காதில், குளிசை கொடுப்பது இன்னொருவர் கையில் என்றால் இடையில் பாதி தொலையும். குளிசை கொடுப்பவரே மூன்று கிளினிக்குக்கு ஒருமுறையாவது கூடப் போக வேண்டும். மற்ற நாட்களில் கூடப் போனவர் கிளினிக் கொப்பியில் "என்ன மாத்தினவர், ஏன் மாத்தினவர்" என்று ஒரு வரி தமிழில் எழுதி வரவேண்டும்.

குளிசைப் பிழைகளில் அடிக்கடி வருவது இரட்டிப்பு. அரசாங்க வைத்தியசாலையில் ஒரு மாதம் வெள்ளைக் குளிசை, அடுத்த மாதம் வேறு நிறுவனத்தின் மஞ்சள் குளிசை, மருந்து ஒன்றுதான். நிறம் மாறியதால் புது மருந்தென்று நினைத்துப் பழையதோடு சேர்த்து எடுப்பவர்கள் உண்டு. வெளியில் ஸ்பெஷலிஸ்ட்டிடம் காட்டி வாங்கியது வணிகப் பெயரிலும், கிளினிக்கில் கிடைத்தது மருந்தின் சொந்தப் பெயரிலும் இருந்தால் அதுவும் இரட்டிப்பாகும். வீட்டிலுள்ள எல்லா அட்டைகளையும் கடதாசி உறைகளையும் ஒரே பையில் போட்டு ஒவ்வொரு தடவையும் மருந்தாளர் முன் கொட்டிக் காட்டுவதே சிறந்த தடுப்பு. ஏழு நாள் குளிசைப் பெட்டியை வாரத்தில் ஒரு குறித்த நாளில், இரவுச் சாப்பாட்டுக்கு முன், ஒருவரே நிரப்ப வேண்டும். வோர்ஃபரின் போல நாளுக்கு நாள் அளவு மாறும் குளிசையைப் பெட்டிக்கு வெளியே கலண்டரோடு வைப்பது பாதுகாப்பு.

எடை: காலையில் சலம் கழித்தபின், சாப்பாட்டுக்கு முன், அதே உடுப்போடு, சீமெந்துத் தரையில் அதே தராசில். மூன்று நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் அடுத்த கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்கக்கூடாது. மறுபக்கமும் உண்டு. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வியர்வையிலும் வயிற்றோட்டத்திலும் நீர் போகும்போது, அதே அளவு சலக்குளிசை பிரஷரைத் தரைக்கு இறக்கி மூளையைக் காயவைக்கும். எடை வேகமாகக் குறைந்து, நாக்கு வறண்டு, எழும்பும்போது தலை சுற்றினால் அன்றே வைத்தியரிடம் அளவைக் கேட்க வேண்டும். அந்த நேரம் இளநீரை அள்ளிக் கொடுப்பதும் நல்லதல்ல. உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் ஸ்பைரோனோலக்டோனும் எனலப்ரிலும் எடுப்பவருக்கு இளநீரின் பொட்டாசியம் இதயத் துடிப்பையே குழப்பும். நோன்பு பிடிப்பவர்கள் ரமழானுக்கு முன்னமே குளிசை நேரங்களை வைத்தியரோடு மாற்றியமைக்க வேண்டும். நீர் கட்டுப்பாட்டோடு கூடிய அளவில் சலக்குளிசை எடுப்பவர் நோன்பு பிடிக்கலாமா என்பதும் அங்கே கேட்க வேண்டிய கேள்விதான்.

தலைச்சுற்றுக்கு ஒரு சோதனையை வீட்டிலேயே செய்யலாம். ஐந்து நிமிடம் படுக்கவைத்துப் பிரஷர் பார்த்து, எழுந்து நின்ற முதலாம் நிமிடத்திலும் மூன்றாம் நிமிடத்திலும் திரும்பப் பார்க்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அதை எழுதிக் கொண்டுபோங்கள். எல்லாக் குளிசையையும் காலையில் ஒன்றாக விழுங்குவதால் வந்ததென்றால், வைத்தியர் சிலதை இரவுக்கு மாற்றுவார். தானாக நிறுத்துவது கூடாது. இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பைசோப்ரொலோல், கார்வெடிலோல் வகையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து.

இதயத்துக்கான இன்றைய மருந்துகள் மூளைக்குக் கேடு செய்யுமோ என்ற பயம் ஒன்றும் இருந்தது. சக்குபிட்ரில் என்ற இதயச் செயலிழப்பு மருந்து முடக்கும் நொதி, மறதிநோயில் மூளையில் படியும் அமிலாய்ட் புரதத்தை உடைக்கும் நொதிகளில் ஒன்று. அந்த மருந்தை வால்சார்ட்டன் என்ற பிரஷர் மருந்தோடு சேர்த்து மூன்று ஆண்டு தொடர்ந்து சோதித்த ஆய்வில், வால்சார்ட்டன் மட்டும் எடுத்தவர்களோடு ஒப்பிட்டபோது அறிதிறனில் வேறுபாடு தெரியவில்லை. இதயத்துக்கு நல்லதென்று கொடுத்ததை மூளைக்குப் பயந்து விட வேண்டியதில்லை. நடையும் மருந்துதான். பேசிக்கொண்டே நடக்கக்கூடிய வேகத்தில், பத்து நிமிடத்தில் தொடங்கி, வாரங்களில் அரை மணிக்கு ஏற்றலாம். வெயில் தாழ்ந்தபின், சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்து. மூச்சிரைப்போ நெஞ்சு நோவோ வந்தால் அன்று நிறுத்திவிட வேண்டும்.

திடீர்க் குழப்பம் வேறு கணக்கு

மேலே சொன்ன மறதி மாதங்களில் ஊர்ந்து வருவது. நேற்று நல்லாயிருந்தவர் இன்று நாள், இடம் தெரியாமல் பேசுகிறார், ஒரு மணித்தியாலம் தெளிவு, அடுத்த மணித்தியாலம் குழப்பம், பகலில் தூக்கம், இரவில் எழும்பி நடக்கிறார் என்றால் அது மறதிநோய் கூடியதல்ல. கிருமித்தொற்று, சோடியம், சீனி, சலம் அடைபட்டது, ஒட்சிசன் குறைவு, புதுக் குளிசை என்று பின்னால் ஒரு காரணம் இருக்கும். அது வைத்தியசாலை விடயம். சிலர் ஆர்ப்பாட்டம் ஏதுமின்றிச் சுருண்டு படுத்தே இருப்பார்கள். வீட்டில் பெரும்பாலும் தவறவிடப்படுவது அந்த அமைதியான வகைதான்.

முகம் ஒருபக்கம் கோணுதல், ஒரு கை விழுதல், பேச்சுக் குழறல் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம், 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குரிய நேரம், கடைசியாக அவர் சாதாரணமாக இருந்த நேரத்திலிருந்து நாலரை மணித்தியாலம். நித்திரையில் வந்திருந்தால் படுக்கப் போன நேரத்திலிருந்தே எண்ணுவார்கள். அந்த நேரத்தை ஒரு துண்டில் எழுதி, வோர்ஃபரின் எடுப்பவரா, கடைசிக் குளிசை எப்போது எடுத்தார் என்பதையும் சேர்த்து, மருந்துப் பையோடும் கிளினிக் கொப்பியோடும் அம்புலன்சில் ஏறுபவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.